ஈயச் சொம்பு வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான்ஸ்டிக் வேண்டாம், அலுமினியம் வேண்டாம் என்று பழைய பாத்திரங்களுக்குத் திரும்புகிறவர்கள் இப்போது நிறைய. கல்சட்டி, இரும்புக் கடாய், ஈயச் சொம்பு எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன. அப்படி வாங்கிய ஈயச் சொம்பில் என்னை ஏமாற்றிவிட்டார்கள். போனது பணம் மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ரசம் வைக்கிற சொம்பை வெள்ளீயத்தில்தான் (tin) செய்ய வேண்டும். காரீயம் (lead) நஞ்சு. ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இரண்டையும் கலந்தால் சீக்கிரம் உருகும், வார்ப்பதும் சுலபம், பளபளப்பும் குறையாது. கலப்படம் செய்கிறவருக்கு எல்லா வகையிலும் லாபம்.

“கும்பகோணம் கைவேலை, நூறு சதவீதம் சுத்த வெள்ளீயம்” என்று விளம்பரம். போனில் கேட்டபோதும், “தாத்தா காலத்துத் தொழில்மா, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க” என்றார் விற்றவர். வந்த பில்லில் மட்டும் “ஈயச் சொம்பு” என்று இருந்தது. வெள்ளீயம் என்ற சொல்லே இல்லை.

சில மாதங்களில் உள்பக்கம் கருத்தது. வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பாக ஒட்டியது. கேட்டதற்கு, “புளி பட்டா எல்லா ஈயமும் கருக்கத்தான் செய்யும்மா” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். ஏறக்குறைய 40 சதவீதம் காரீயம் என்று அறிக்கை வந்தது. மின்சாதனங்களில் பற்றவைக்கிற ஈயக் கம்பியில் (சால்டர்) இருக்கிற அளவு! அதில் புளித்தண்ணீரும் தக்காளியும் கொதித்திருக்கின்றன. புளிப்பு காரீயத்தைக் கரைத்து இறக்கும். மிச்ச ரசத்தை அதிலேயே வைத்தால் இன்னும் அதிகமாக இறங்கும்.

என் மகளுக்குத் தினமும் ரசம் சோறு வேண்டும். குழந்தை மருத்துவர் சொல்லி ரத்தத்தில் காரீய அளவு பார்த்தோம். டெசிலிட்டருக்கு 7 மைக்ரோகிராம். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து சேர்கிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவரவில்லை என்றும் அதுவே சொல்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் இது முதலில் தாக்கும். காய்ச்சல், வயிற்றுவலி எதுவும் இல்லை, பிள்ளை நன்றாகத்தான் ஓடியாடிக்கொண்டிருந்தாள். அதுதான் பயமே. சொம்பை நிறுத்தியாயிற்று, இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார், அப்புறம் மறுபடி ரத்தப் பரிசோதனை.

ஏற்கெனவே சொம்பு வாங்கியிருப்பவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசில் சொம்பை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, காட்டுகிற எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சொம்பை நூலில் கட்டி முழுவதும் அமிழும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது, உள்ளே காற்றும் தங்கக் கூடாது. கூடிய எடையால் சொம்பின் எடையை வகுத்தால், சுத்த வெள்ளீயத்துக்கு 7.3 வரும். காரீயம் மட்டும் என்றால் 11.3. என் சொம்பு 700 கிராம். 96 கிராம் கூடியிருக்க வேண்டிய இடத்தில் 82 தான் கூடியது, அதாவது 8.5. 7.3ஐத் தெளிவாகத் தாண்டினாலே சமைப்பதை நிறுத்திவிடுங்கள். 7.3 வந்தாலும் வேறு உலோகம் கலந்து கணக்கைச் சரிக்கட்டியிருக்கலாம். முடிவாகச் சொல்லக்கூடியது பரிசோதனைக் கூட அறிக்கை மட்டுமே.

ஸ்டீல், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2024இல் மத்திய அரசு ஆணை போட்டது. ஈயச் சொம்பு அதில் வராது. அதனால் விற்பவரிடம் “வெள்ளீயம்” என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், பரிசோதனை அறிக்கை கேளுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுப்பவர்களும் எந்தக் கட்டியைப் பூசுகிறார் என்று கேளுங்கள். பற்றவைக்கிற கம்பியை உருக்கிப் பூசினால் கதை இதேதான். இண்டாலியம் என்ற பெயரில் விற்கும் சில பாத்திரங்களிலிருந்து காரீயம் இறங்குவதாக 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எச்சரித்தது.

அறிக்கையை அனுப்பியதும் விற்றவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில், விளம்பரத்தின் படம், அறிக்கை மூன்றும் கையில் இருக்கின்றன. சொம்பையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களிடம் இப்படி ஒன்று இருந்தால் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உருக்கி இன்னொரு சொம்பாக்கி, வேறு ஒரு வீட்டுக்கு விற்றுவிடுவார்கள்.