டின்ட் அடிச்ச பெயின்ட் பக்கெட்டை ஸ்டிக்கர் பாக்காம வாங்கிடாதீங்க

பொங்கலுக்கு ஹாலுக்கு வெளிர் பச்சை அடிக்கிறதா முடிவு. ஷேடு கார்டுல அடுத்தடுத்து இருந்த ரெண்டு பச்சைக்காக வீட்ல ஒரு வாரம் பஞ்சாயத்து. ஒண்ணு வாழைக்குருத்து மாதிரி லேசா மஞ்சள் ஓடும். இன்னொண்ணுல நீலம் கொஞ்சம் தூக்கல், அம்மாவுக்கு அது ஆஸ்பத்திரி வார்டு. நம்பர்ல கடைசி இலக்கம் மட்டும்தான் வேற. ரெண்டுலயும் சாம்பிள் டப்பா வாங்கி சுவத்துல அடிச்சு, காலை வெளிச்சத்துலயும் டியூப்லைட்லயும் பாத்து, வாழைக்குருத்துதான்னு முடிச்சோம்.

10 லிட்டரைக் கடை மெஷின்ல என் கண்ணு முன்னாடியே டின்ட் அடிச்சாங்க, அதாவது பேஸ்ங்கிற அடிப்படை பெயின்ட்ல நம்ம ஷேடுக்கான கலரைச் சேர்த்துக் கலந்தாங்க. "மீதி 4 லிட்டரைப் பையன் கொண்டுவந்து தருவான், நீங்க கிளம்புங்க சார்"னார் கடைக்காரர். கிளம்பிட்டேன். அங்கதான் தப்பு பண்ணேன்.

கடைசிச் சுவரை அந்த 4 லிட்டர்ல சாயங்காலம் அடிச்சாங்க. வெளுப்பா தெரியுதேன்னு கேட்டா, "காஞ்சா ஏறிடும் சார்"னார் பெயின்டர். எமல்ஷன் காஞ்சா கொஞ்சம் அடர்த்தியாகும்ங்கிறது உண்மைதானே, பேசாம இருந்துட்டேன். காலையில ஜன்னலைத் திறந்தா, மூலைக்கு இந்தப் பக்கம் வாழைக்குருத்து, அந்தப் பக்கம் வார்டு!

பக்கெட்டை எடுத்துப் பாத்தேன். பெருசுல மெஷின் அடிச்ச ஸ்டிக்கர் இருந்துச்சு: ஷேடு நம்பர், பேஸ், தேதி எல்லாம். சின்னதுல வெறும் பேப்பர், மேல மார்க்கர்ல எங்க நம்பர். நகத்தால சுரண்டினா அடியில பழைய ஸ்டிக்கர், பக்கத்து ஷேடு, அக்டோபர் தேதி. யாரோ வேண்டாம்னு விட்டுட்டுப் போன பக்கெட். டின்ட் அடிச்சதை வேற யாருக்கும் விக்க முடியாது, கிட்டத்தட்ட அதே கலர் கேட்டு ஒரு ஆள் வரணும். நான் போய் மாட்டியிருக்கேன்.

கடையில, "ரெண்டும் ஒண்ணுதான் சார், டின்ட் அடிச்சது ரிட்டர்ன் கிடையாது." பில்லுல "எமல்ஷன் பச்சை"ன்னு மட்டும் எழுதியிருக்கு. ஷேடு நம்பர் எழுதி வாங்கியிருந்தா பேசியிருக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன், பாப்போம்.

வேற கடையில புது 4 லிட்டர், அதோட பெயின்டருக்கு ரெண்டு நாள் கூலி. ஒரே நம்பர்னாலும் தனித்தனியா கலந்தா இழையளவு மாறும்னு, பழைய 10 லிட்டர்ல மிச்சம் இருந்ததையும் ஒரே டிரம்ல ஊத்திக் கலக்க வெச்சேன். இப்ப மூலை தெரியலை. அம்மா மட்டும் தினம் காபி டம்ளரோட அங்க நின்னு பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம போறாங்க.