நண்பர்களுக்குக் கொடுத்த பேனாக்கத்திகள்: 7 ஆண்டு அனுபவம்

2018 ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தான் கொண்டுவந்து தந்த ஒபினெல் என்னும் பிரெஞ்சு வகையின் 8 ஆம் இலக்க அளவுப் பேனாக்கத்தியே, பின்னர் நான் நண்பர்களுக்குக் கொடுத்த 9 கத்திகளுக்கும் தொடக்கமாக அமைந்தது. அங்கே 15 யூரோவுக்குள் வாங்கிய பொருள் அது. பீச் மரப்பிடியும் 8.5 சென்ரிமீற்றர் அலகும் கொண்ட அக்கத்தி, சட்டைப்பையில் இருப்பதே தெரியாத அளவுக்கு இலேசானது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 இல் யோசப் ஒபினெல் செய்யத் தொடங்கிய அந்த எளிய வடிவத்தில், 1955 இல் பிடியின் கழுத்தில் சேர்க்கப்பட்ட திருகுவளையமே முக்கியமான மாற்றம். விரித்தபின் அதைத் திருப்பிவிட்டால் அலகு விரலின்மேல் மடங்கிவிடாது.

என்னுடையது கரியுருக்கு அலகு, அதாவது துருப்பிடிக்கக்கூடிய உருக்கு. சாணைக்கல்லில் சில தடவை இழுத்தாலே முன்னைய கூர் திரும்பிவிடும் என்பதால் அதையே சிறந்ததென்று நம்பினேன். வாழைப்பூவை அரிந்த முதல் வாரத்திலேயே அலகு நீலங்கலந்த கறுப்பாயிற்று. துவர்ப்பு இரும்போடு சேர்வதால் உண்டாகும் அந்நிறம் கேடானதன்று. துருவைச் சற்றுத் தாமதிக்கவும் செய்யும். ஆனால் உப்புக்காற்றுக்கு அது போதாது. குருநகரில் கடலோரம் வாழும் நண்பருக்கு அதேபோன்ற ஒன்றைக் கொடுத்தேன். அவர் தேசிக்காய் வெட்டியபின் துடைக்காமலே மடித்து வைக்கும் வழக்கமுடையவர்; ஒரு மாரிகாலம் முடிவதற்குள் அலகில் துரு குழிவிழத் தின்றிருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய கையையும் அவர் வாழும் இடத்தையும் எண்ணாமல், எனக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்தது என் தவறு.

மாரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஈரத்தில் மரப்பிடி ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்வதால், நகத்தால் இழுத்தாலும் கத்தி விரியாது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசைமீது மெல்லத் தட்டினால் அலகு வெளியே எட்டிப்பார்க்கும். சவோய்க்காரரும் இதையே செய்வர். ஐப்பசி பிறக்குமுன் பிடியின் பிளவுக்குள் சிறிது தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைத்தெடுப்பது என் வழக்கமாகிவிட்டது.

பனையோலைப் பின்னல் செய்யும் நண்பருக்கு யப்பானிய மடக்குக்கத்தியான ஹிகோனோகாமி ஒன்றைத் தருவித்துக் கொடுத்தேன். மடித்த பித்தளைத் தகட்டுப்பிடியும் நேரான அலகும் உள்ள அதற்குப் பூட்டே இல்லை. அலகின் பின்னாலுள்ள சிறு நாக்கைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தே வெட்டவேண்டும். ஓலை வாரும் சிறுகத்தியான சத்தகத்தோடு வளர்ந்த அவருடைய விரல்களுக்கு அது இரண்டு நாளில் பழகிவிட்டது. பழக்கமில்லாதவருக்கு அதைக் கொடுக்க நான் துணியேன். பிடியைக் குத்துவிளக்கைப்போலப் புளியால் துலக்கலாம், ஆனால் புளி அலகில் படக்கூடாது. ஓட்டை போடவும் திருகாணி கழற்றவும் கருவி தேடுபவருக்குச் சுவிஸ் விக்ரோறினொக்ஸ் பொருந்தும்; விலை சற்றுக் கூடுதல்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு முறியும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஆகவே முக்காலியில் வைத்து, நண்பரை எடுக்கச் சொல்லி, பதிலுக்கு ஒரு நாணயம் வாங்கிக்கொள்வேன். பிரான்சிலும் இப்படி நாணயம் கொடுப்பதுண்டு என்று அத்தான் சொன்னபோது மகிழ்ந்தேன். வெளிநாட்டிலிருந்து தருவிப்போர், விமானத்தில் கைப்பையில் வைக்காமல் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லவேண்டும். கைப்பையில் வைத்ததால் ஒன்றை நான் இழந்திருக்கிறேன்.

குருநகர் நண்பருக்கு 2021 இல் துருப்பிடிக்காத உருக்கில் அதே 8 ஆம் இலக்கத்தைக் கொடுத்தேன். கூர் தீட்டச் சற்று நேரமெடுக்கிறது. ஆனால் சென்ற மாதம் பார்த்தபோது அலகில் ஒரு பொட்டுத் துருவும் இல்லை. வளையத்துக்குள் மணல் புகுந்து இறுகியிருந்ததை நன்னீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தேன்.