ஜீப்ரா மீனில் மரபணுவை முடக்க: சிங்க் ஃபிங்கரா, டேலனா, கிரிஸ்பரா?

இன்று புதிதாகத் தொடங்குகிறவர் கிரிஸ்பரையே எடுங்கள். ஆனால் டேலனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

மூன்றும் டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவிகள், செய்யும் வேலை ஒன்றுதான். ஒற்றைச் செல்லாக இருக்கும் மீன் கருவுக்குள் கருவியை நுண்ணூசியால் செலுத்துகிறோம். முதல் பிளவுக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கும், கை வேகம் வேண்டும். அதிலுள்ள நியூக்ளியேஸ் என்ற வெட்டும் நொதி டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டும், செல் அதை அவசரமாக ஒட்டும்போது டிஎன்ஏவின் சில எழுத்துகள் (காரங்கள்) விடுபடும் அல்லது கூடுதலாக நுழையும், அந்த எண்ணிக்கை மூன்றால் வகுபடாவிட்டால் அதற்குப் பிறகு வரும் புரதம் முழுக்கப் பிறழ்ந்துவிடும்.

2008இல் ஜீப்ரா மீனில் இதை முதலில் சாதித்தது சிங்க் ஃபிங்கர்தான். அப்போது குறிவைத்தவற்றில் ஒன்று கோல்டன் மரபணு. அது கெட்டால் கண்ணின் கருமை வெளிறும் என்பதால், இரண்டு நாள் கருவை நுண்ணோக்கியில் வைத்தாலே கறுத்த கண்ணில் ஆங்காங்கே வெளுத்த திட்டுகள் தெரியும். அருமையான சோதனை! ஆனால் இந்தப் புரதத்தில் விரல் போன்ற பகுதிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு விரலும் மூன்று எழுத்துகளைப் பிடிக்கும், பக்கத்து விரல் மாறினால் அந்தப் பிடியும் மாறும். அதனால் நல்ல ஜோடி கிடைக்க நிறையச் சலிக்க வேண்டும். இப்போது அதற்கு மெனக்கெட வேண்டியதில்லை.

2011இல் ஜீப்ரா மீனுக்கு வந்த டேலனில் ஒரு தொடரலகுக்கு (புரதத்தில் திரும்பத் திரும்ப வரும் துண்டுக்கு) ஓர் எழுத்து, அலகின் 12, 13ஆவது அமினோ அமிலங்கள்தான் எந்த எழுத்து என்று தீர்மானிக்கின்றன. கணக்கு தெளிவு. ஆனால் ஏறத்தாழ ஒரே மாதிரியான அலகுகளை வரிசையாகக் கோக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு இலக்குக்கும் இரண்டு தொகுப்பு, ஏனென்றால் இதிலும் சிங்க் ஃபிங்கரிலும் வெட்டுகிற ஃபோக்-1 என்ற நொதி ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

2013இல் இந்த மீனுக்குக் கிரிஸ்பர் வந்ததும் இந்தக் கோர்ப்பு வேலையே போயிற்று. வெட்டுகிற காஸ்9 புரதம் அப்படியே இருக்கும், அதை இலக்குக்குக் கூட்டிப்போகும் 20 எழுத்து வழிகாட்டி ஆர்என்ஏவை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் இலக்கை ஒட்டி இரண்டு குவானின் (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) இருந்தாக வேண்டும். அடினினும் தைமினும் மண்டிய இடத்தில், அதிலும் மைக்ரோ ஆர்என்ஏ (புரதம் தராத மிகச் சிறிய ஆர்என்ஏ) மரபணு மாதிரி குட்டி இலக்கில், அது கிடைக்காமல் போகலாம். அங்கேதான் டேலன்.

தப்பான இடத்தில் வெட்டுவது பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். இயல்பு மீனோடு தலைமுறைதோறும் கலந்தால் பெரும்பாலானவை கழன்றுவிடும், இலக்கை ஒட்டி அதே குரோமோசோமில் இருப்பவைதான் தொல்லை.

எதை எடுத்தாலும் ஊசி போட்ட மீன் பல்வகைச் செல்களின் கலவைதான். அது வளர மூன்று மாதம், அடுத்த தலைமுறைக்கு இன்னொரு மூன்று மாதம், அப்புறம் ஒரு பிரதி கெட்ட இரண்டு மீன்களைக் கலந்தால்தான் கால்வாசிக் குஞ்சுகளில் இரண்டு பிரதியும் கெட்டிருக்கும். அவ்வளவு காத்திருந்தும் சில சமயம் ஒரு மாற்றமும் தெரியாது: கெட்ட மரபணுவிலிருந்து வரும் ஆர்என்ஏ சிதைக்கப்படும்போது ஒத்த மரபணுக்கள் கூடுதலாக இயங்கி ஈடுகட்டிவிடும் என்று 2019இல் காட்டினார்கள். அப்படியானால் மரபணுவின் முன்னூக்கியையே (அதை இயக்கத் தொடங்கும் டிஎன்ஏ பகுதியை) அகற்றி, ஆர்என்ஏ உருவாகாமலே தடுக்கலாம். இரு பக்கமும் வெட்ட கிரிஸ்பரில் இரண்டு வழிகாட்டிகள் போதும், டேலனில் நான்கு புரதங்களைக் கோக்க வேண்டும்.