மர பேஸ்பால் பேட்டில் பையன் பெயரைப் பொறிக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஃபால் சீசன் வந்தால் போதும், இங்கே பே ஏரியாவில் மர பேட் டோர்னமென்ட்களும் வந்துவிடும். வருஷம் முழுக்க அலுமினியத்தில் ஆடும் பிள்ளைகள் ஒரு வாரக் கடைசிக்கு மட்டும் மரத்தைத் தூக்குவார்கள். பெற்றோர்கள் வாட்ஸப் குழுவில் "எங்கே வாங்கலாம், எவ்வளவு ஆகும்" என்ற கேள்வி இப்போதே ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நாங்கள் பேட் வாங்கி ஏமாந்த கடையின் பெயரைப் போடவில்லை. இந்த வித்தை அந்த ஒரு கடையோடு நிற்கிற சமாச்சாரம் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் வாங்கியது பிடியிலிருந்து நுனிவரை மேட் கறுப்பு பூசிய ஒரு பேட். தங்க எழுத்தில் "ப்ரோ மேப்பிள்". கழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: நீளம் 31 அங்குலம், எடை 26 அவுன்ஸ். பையனுக்குப் பதினோரு வயது. பார்த்ததுமே அதுதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டான். கறுப்பு பேட், அதில் தன் பெயர், வேறென்ன வேண்டும் அந்த வயதில்?

என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் லீக் கிரிக்கெட் ஆடியவர். வில்லோ மட்டையைக் கையில் வாங்கினால் முதலில் கிரெயின்ஸ், அதாவது மரத்தில் ஓடும் கோடுகளைத்தான் எண்ணுவார். இங்கேயும் அதையே கேட்டார். கடைக்காரர் சளைக்கவில்லை. வண்ணம் பூசாத இன்னொரு பேட்டை எடுத்து வந்து, "அதே மரம்தான் சார், இதற்குக் கறுப்பு அடித்திருக்கிறோம், அவ்வளவுதான்" என்றார். பேஸ்பால் பேட்டில் எத்தனை கோடு என்பது பெரிய விஷயமில்லை, கோடு நேராக ஓடுகிறதா என்பதுதான் விஷயம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் கறுப்பு பேட்டில் எப்படிக் காட்டுவது? பெயர் பொறிப்பது இலவசம் என்றார். லேசரில் சுட்டு, பாலிதீன் உறை போட்டு, 140 டாலர் வாங்கிக்கொண்டார். பெயர் பொறித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்ற வரி பில்லின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது.

பயிற்சிக்குப் போன முதல் நாளே பையன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு வந்தான். ஸ்விங் பந்துக்குப் பிந்தி வருகிறது என்றார் கோச். மரம் புதுசு, பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. மாவு நிறுக்கிற தராசில் வைத்தேன். 858 கிராம். அதாவது முப்பது அவுன்ஸுக்கும் கொஞ்சம் மேலே. ஸ்டிக்கர்படி 737 கிராம்தான் இருக்க வேண்டும். மரம் என்றால் அரை அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் முன்னே பின்னே இருக்கும், அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. நாலு அவுன்ஸ் அப்படியில்லை.

இந்தக் கணக்கு புதிதாக வரும் பெற்றோருக்குப் புரியாது, அதனால் சொல்கிறேன். நீளத்தின் அங்குல எண்ணிலிருந்து எடையின் அவுன்ஸ் எண்ணைக் கழித்தால் வருவதை இங்கே டிராப் என்பார்கள், முன்னால் மைனஸ் போட்டுச் சொல்வார்கள். பிள்ளைகளின் அலுமினிய பேட் பெரும்பாலும் மைனஸ் பத்து. என் பையன் ஆடிக்கொண்டிருந்தது முப்பது அங்குலம், இருபது அவுன்ஸ். மரத்தில் அவ்வளவு லேசாகக் கிடைக்காது. பிள்ளைகளுக்கான மர பேட் மைனஸ் ஐந்து, ஆறு அளவில் கிடைத்தால் நல்லது, பெரியவர்களுடையது மைனஸ் இரண்டு, மூன்றில் நிற்கும். எங்களுக்குக் கொடுத்தது மைனஸ் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பழகிய பேட்டைவிட ஒன்றரை மடங்கு கனத்தைத் தூக்கிச் சுழற்று என்று பதினோரு வயதுப் பையன் கையில் கொடுத்திருக்கிறார்கள். மேப்பிள் கனத்த மரம். அதில் பந்து படும் பருத்த பகுதியான பேரலையும் தடிப்பாக வைத்துவிட்டு மைனஸ் ஐந்து என்று யாராவது சொன்னால், அந்த நிமிஷமே தராசைக் கேளுங்கள்.

கடைக்குப் போன் செய்தேன். ஸ்டிக்கரில் இருப்பது "மாடல் எடை"யாம், ஒவ்வொரு பேட்டின் எடை இல்லையாம். இதற்கு என்ன சொல்ல?

டோர்னமென்ட்டில் அது உடைந்தது. பெரிய அடி எதுவும் இல்லை. உள்ளே வந்த ஒரு பந்து கைக்குப் பக்கத்தில் பட்டது, அவ்வளவுதான். பிடி இவன் கையில் நின்றுவிட்டது, பேரல் சுழன்றுகொண்டே போய் மூன்றாம் பேஸில் நின்ற பிள்ளைக்கு ஓரடி தள்ளி விழுந்தது. முனை ஈட்டி மாதிரி இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில், 2010 செப்டம்பரில் சிகாகோ கப்ஸ் வீரர் டைலர் கால்வின் மூன்றாம் பேஸிலிருந்து ஓடி வரும்போது, சக வீரரின் உடைந்த மேப்பிள் பேட் துண்டு அவர் நெஞ்சில் குத்தி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த சீசன் அவருக்கு அத்தோடு சரி. பெரிய லீக்கிலேயே இந்தக் கதி.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கேரேஜில் லேத் வைத்து பேட் கடைகிறவர். இரண்டு துண்டையும் அவரிடம் கொண்டுபோனோம். உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கத்தியால் பிடியின் கறுப்பைச் சுரண்டினார். வெள்ளை மரம் தெரிந்தது. அதில் மெல்லிய ரேகைகள், பேட்டின் நீளத்தோடு போகாமல் குறுக்கே சாய்ந்து ஓரத்தில் போய் முடிந்தன. உடைந்த கோடும் அதே சாய்வில்தான் போயிருந்தது. ஓரிடத்தில் விரல் நகம் அளவுக்குக் கணு, அதை மக்கு அடைத்து மேலே வண்ணம் அடித்திருந்தார்கள். "கறுப்பு ஏன் என்று இப்போது தெரிகிறதா?" என்றார்.

அவர் சொன்னதில் நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். மேப்பிள் பேட்கள் சிதறிப் பறப்பது பெரிய தொல்லையாகப் போய், 2008-ல் மேஜர் லீக் விஸ்கான்சினில் மேடிசன் நகரிலுள்ள வன ஆராய்ச்சிக் கூடத்தின் மரவியல் ஆட்களைக் கூப்பிட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உடைந்த பேட்களைப் பரிசோதித்தார்கள். பல துண்டாகச் சிதறுவதற்கு முக்கியக் காரணம் ரேகையின் சாய்வு. அதிலிருந்து மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்த மரம் அங்கே கூடாது என்று வைத்தார்கள். இருபது அங்குலம் ஓடுவதற்குள் ஓர் அங்குலம் விலகினால் கிட்டத்தட்ட மூன்று டிகிரி, அவ்வளவு கறாரான அளவு. ஆஷ் என்ற மரத்தில் ரேகை கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். மேப்பிளிலும் பிர்ச்சிலும் தெரியாது. அதனால் பிடியில் ஒரு சொட்டு மை வைப்பார்கள். மை மரத்தின் நாளங்கள் வழியே கசிந்து சின்னக் கோடாக நீளும். அந்தக் கோடு பேட்டின் போக்கிலேயே போனால் நல்ல மரம். சாய்ந்தால் வைத்துவிட்டு வரலாம். இதற்குத்தான் இங்க் டாட் என்று பெயர். அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் பலர் கறுப்பு பேட்டில்கூட அந்த இடத்தை மட்டும் வண்ணம் பூசாமல் விடுகிறார்கள். எங்கள் பேட்டில் மை இல்லை, வெறும் மரம் ஊசி முனை அளவுக்குக்கூட இல்லை.

அடுத்து அவர் காட்டியதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். "இலவசமாக" பொறித்த பெயர் தப்பான பக்கத்தில் இருந்தது. பேட்டைப் பிடிக்கும்போது எழுத்து மேலே பார்த்திருக்க வேண்டும் என்றுதான் எல்லாக் கோச்சும் சொல்லித்தருவார்கள். ஆஷில் வருடவளையங்களின் விளிம்பு தெரியும் பக்கத்தில் பந்து படுவது நல்லது, அதற்கேற்ப லேபிள் இருக்கும். மேப்பிளில் நேர்மாறு, அகலமான முகத்தில் படுவதுதான் நல்லது. அந்த ஆராய்ச்சிக்குப் பிறகு மேப்பிளின் லேபிளைக் கால் சுற்றுத் திருப்பிவைக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் கடைக்காரர் எந்தப் பக்கம் இடம் கிடைத்ததோ அங்கே லேசரை ஓட்டிவிட்டார். பையன் தன் பெயரைப் பார்த்துப் பார்த்து, சொல்லித்தந்தபடியே, பலவீனமான பக்கத்தால் அடித்திருக்கிறான்.

துண்டுகளோடு கடைக்குப் போனோம். "மரம் உடையத்தான் செய்யும், மர பேட்டுக்கு யாரும் வாரண்டி தருவதில்லை" என்றார். வாரண்டி விஷயம் பெரும்பாலும் உண்மைதான், நல்ல கம்பெனிகளும் மர பேட்டுக்குத் தயங்கும். ஆனால் நாங்கள் கேட்டது வாரண்டி இல்லையே, எடையும் மரமும் சொன்னபடி இல்லை என்பதுதானே. அதற்குப் பதில் வரவில்லை. சமாதானத்துக்கு மூங்கில் பேட் ஒன்றைப் பாதி விலைக்கு நீட்டினார். "இது உடையவே உடையாது." உடையாமல் இருக்கலாம். ஆனால் மூங்கில் பேட் பட்டை பட்டையாக ஒட்டிச் செய்வது. லிட்டில் லீக் மாதிரி அமைப்புகளில் 2018 ஜனவரியிலிருந்து பேட்டில் யூஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பின் அங்கீகார முத்திரை கட்டாயம், ஒரே கட்டையில் கடைந்த மரத்துக்கு மட்டும்தான் விலக்கு. ஒட்டுமர பேட்டுக்கும் மூங்கிலுக்கும் முத்திரை வேண்டும். அவர் நீட்டியதில் அது இல்லை. வாங்கியிருந்தால் அம்பயர் முதல் ஆட்டத்திலேயே ஓரம் கட்டியிருப்பார், அந்தப் பணமும் போயிருக்கும். முத்திரை எங்கே என்று கேட்டதும், "வீட்டில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாமே" என்றார்!

இப்போது பையன் ஆடுவது பிர்ச். மேப்பிளைவிடக் கொஞ்சம் வளையும், தப்பாகப் பட்டாலும் கை அவ்வளவு அதிராது என்று அந்தப் பெரியவர்தான் சொன்னார். ஆஷும் பிள்ளைகளுக்கு நல்ல மரம்தான், ஆனால் நல்ல கட்டை கிடைப்பது குறைந்துவிட்டது. 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடித்த ஒரு பச்சை வண்டு அந்த மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துக்கொண்டிருக்கிறது. பேட்டின் வடிவத்தை மாடல் எண்ணால் சொல்வார்கள்; 271, 110 என்ற எண்களைக் கேளுங்கள், கனம் நுனியில் தேங்காமல் பரவியிருக்கும். 243 பேரல் தடித்து நுனி கனக்கும், பிள்ளைகளுக்கு வேண்டாம். நுனியில் கிண்ணம் மாதிரி குடைந்திருந்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் எடை குறையும். நீளத்துக்கு ஊருக்கு ஒரு சார்ட் இருக்கிறது. அதைவிட, பிள்ளையை ஒற்றைக் கையால் பேட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொல்லி மெதுவாக இருபது எண்ணுங்கள், கை தொங்கினால் அது அவனுக்கு இல்லை. இந்த பிர்ச் 70 டாலருக்குள் முடிந்துவிட்டது. பிடியில் வெறும் மரம், அதில் மைப்புள்ளி, கடையிலேயே தராசில் வைத்துக் காட்டினார்கள். கிரிக்கெட் மட்டை மாதிரி எண்ணெய் பூசி, தட்டித் தட்டிப் பதப்படுத்தும் நாக்கிங் பண்ணுகிற வேலையெல்லாம் இதற்குக் கிடையாது. வெயிலில் கார் டிக்கியில் மட்டும் போட்டுவைக்காதீர்கள்.

பழைய 140 டாலருக்கு கிரெடிட் கார்டு கம்பெனியிடம் "விவரித்தபடி பொருள் இல்லை" என்று முறையிட்டோம். உடைந்தது என்று எழுதவில்லை, எழுதியிருந்தால் மரம் உடையும் என்ற பழைய பாட்டையே கடைக்காரர் அங்கேயும் பாடியிருப்பார். எடையை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி பேட் தராசின் மேல் இருக்கும் படம் ஒன்று, பில், போனில் "மாடல் எடை" என்று சொன்னதை நான் அன்றே அவர்களுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு அவர்கள் ஆமென்று போட்ட பதில். பெயர் பொறித்ததால் திருப்ப முடியாது என்று கடை வாதாடியது. கார்டுக்காரர்கள் ஏற்கவில்லை, முழுப் பணமும் வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பேட் உடைவதற்கு முன்பே எடுத்திருந்ததால்தான் வந்தது. வாங்கிய அன்றே, உறையைப் பிரித்ததும், நீங்களும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.