"உங்க அனுபவமே டிகிரி"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, 21,300 திராம் விட்டவன் சொல்றேன்

போலி டிகிரிக்கு காசு கட்டி நான் ஏமாந்த கதைய ரொம்ப நாளா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிட்டே இருந்தேன், ஏன்னா இதுல என் முட்டாள்தனமும் வெளிய வரும். ஆனா போன வாரம் எங்க ரூம்லயே புதுசா வந்த ஒரு தம்பி அதே மாதிரி ஒரு விளம்பரத்தை காட்டி "அண்ணே இது எப்படி"ன்னு கேட்டான், சரி இனிமே மறைச்சி பிரயோஜனம் இல்லன்னு உக்காந்துட்டேன்.

நான் படிச்சது டிப்ளமோ மெக்கானிக்கல், 2006ல முடிச்சேன். மெட்ராஸ்ல ரெண்டு வருஷம் ஏசி கம்பெனில இருந்துட்டு யுஏஇ வந்தவன், அன்னைலேர்ந்து இதே வேலைதான். ஸ்ப்ளிட் யூனிட்ல ஆரம்பிச்சி இப்ப பெரிய பில்டிங்குக்கு மொத்தமா குளிர் குடுக்கிற சில்லர் பிளான்ட்ட ஓட்டிப் பாத்து ஒப்படைக்கிற கமிஷனிங் வரைக்கும் பாக்கிறேன். ஆனா விசால டெக்னீஷியன்தான். என் கீழ வேலை கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் ஊருல பிஇ முடிச்சிட்டு வந்தவன், மூணே வருஷத்துல ப்ராஜெக்ட் இன்ஜினியர் ஆயிட்டான், அவனுக்கு ஏழாயிரம் எனக்கு நாலாயிரத்து இருநூறு. அவன் மேல கோவம்லாம் இல்ல, நல்ல பையன்தான். ஆனா மேனேஜரே ஒரு நாள் "உன்கிட்ட ஒரு டிகிரி இருந்தா நான் நாளைக்கே லெட்டர் போட்டுடுவேன்"னு சொன்னாரு பாருங்க, அது மனசுல முள்ளு மாதிரி குத்திட்டே இருந்துச்சு.

அந்த நேரத்துலதான், 2022 கடைசில, ஃபேஸ்புக்ல அந்த விளம்பரம். வேலை அனுபவத்தை காலேஜ் கிரெடிட்டா (பாடம் முடிச்சா குடுக்கிற புள்ளி) மாத்தி அமெரிக்க யுனிவர்சிட்டி பி.டெக், லீவு போட வேணாம், கிளாஸ் போக வேணாம். ஆபீஸ் ஷார்ஜா ரோலா பக்கம், கீழ மொபைல் கடை மேல ரெண்டாவது மாடி. போனேன். நம்ம ஊரு ஆளுதான், பேச்சுலயே தெரிஞ்சிடுச்சு எந்த ஜில்லான்னு, "வாங்க தம்பி சாப்டீங்களா"ன்னு ஆரம்பிச்சாரு, கரக் சாயா வாங்கி குடுத்தாரு. சாயா வாங்கி குடுக்கிற ஆளு ஏமாத்துவான்னு நமக்கு தோணவே தோணாது, அதான் நம்ம வியாதி.

அவர் சொன்ன கணக்கு இதுதான். அமெரிக்கால ஒரு டிகிரிக்கு 120 கிரெடிட் வேணும், அது உண்மைதான், பொதுவா அப்படித்தான். எனக்கு டிப்ளமோவுக்கும் பதினஞ்சு வருஷ அனுபவத்துக்கும் சேத்து 90 கிரெடிட் வந்துடுமாம், மிச்சம் 30 கிரெடிட்டுக்கு ஆன்லைன்ல ஒரு எக்ஸாம். நடுவுல அமெரிக்காலேர்ந்து கவுன்சிலர்னு ஒருத்தன் ஸ்பீக்கர்ல பேசினான், நல்ல இங்கிலீஷ், எனக்கு பாதி புரிஞ்சது பாதி புரியல, புரியாததாலயே மரியாதை கூடிடுச்சு. முதல்ல 6,500 திராம் கட்டினேன், கேஷ். ரசீதுல "கன்சல்டன்சி சர்வீஸ்"னு மட்டும் இருந்துச்சு, யுனிவர்சிட்டி பேரே இல்ல. அப்பவே ஒரு கேள்வி கேட்டிருக்கணும்.

அப்புறம் என் அனுபவத்தை எழுதி தர சொன்னாங்க, போர்ட்ஃபோலியோன்னு பேரு. இத சொல்லும்போது இப்பவும் வயிறு எரியுது. மூணு ஞாயித்துக்கிழமை, ரூம்ல எல்லாரும் படம் பாத்துட்டிருக்க, நான் கட்டில் மேல காலை மடக்கி உக்காந்து பதினோரு பக்கம் எழுதினேன். சில்லர்ல லோ ப்ரஷர் ட்ரிப் ஆனா எங்கேர்ந்து தேட ஆரம்பிப்பேன், டக்ட் (ஏசி காத்து போற குழாய்) லீக்கேஜ் டெஸ்ட் எப்படி எடுப்பேன், ஒரு ஹோட்டல்ல பதினாலாவது மாடிக்கு மட்டும் தண்ணி ஃப்ளோ வராம நாலு நாள் தேடி கடைசில ஒரு பேலன்சிங் வால்வுக்குள்ள வெல்டிங் கசடு அடைச்சிருந்தத கண்டுபிடிச்ச கதை, எல்லாம் எழுதினேன். இங்கிலீஷ் தப்பா இருந்தாலும் விஷயம் சரியா இருக்கணும்னு ஒவ்வொரு வரியா பாத்து பாத்து எழுதினது. என் வாழ்க்கைல என் வேலையப் பத்தி யாரும் எழுதி கேட்டதே இல்ல, அதனால சந்தோஷமாவும் இருந்துச்சு, உண்மைய சொல்றேன்.

அத ஒரு ஆளு கூட படிக்கல.

எப்படி தெரியும்னா, எங்க ரூம்லயே ஒரு பிரியாணி மாஸ்டர் இருக்காரு, என்ன பாத்து அவரும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிகிரிக்கு கட்டிட்டாரு. நான் சேத்துவிட்ட மாதிரி ஆயிடுச்சு, அந்த பாவம் வேற. ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல மதிப்பீட்டு லெட்டர் மெயில்ல வந்துச்சு, கெட்டியான லெட்டர்ஹெட், நீல சீல், கையெழுத்து. மாஸ்டர் இங்கிலீஷ் படிக்க மாட்டாரு, என்கிட்ட குடுத்து படிக்க சொன்னாரு. அவருக்கும் 90 கிரெடிட். வரிக்கு வரி என் லெட்டர்தான், பேரு மட்டும் மாத்தியிருக்கு. ரெண்டாவது பாராவுல "டக்டிங், கமிஷனிங் துறைகள்ல இவரோட ஆழ்ந்த அனுபவம்"னு இருக்கு. பிரியாணி மாஸ்டருக்கு. டக்டிங்ல. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம், டைப்பிங் மிஸ்டேக்னு நெனச்சோம், நம்புங்க, டைப்பிங் மிஸ்டேக்னுதான் நெனச்சோம்.

எக்ஸாமும் அதே கூத்துதான். 40 கேள்வி, டெம்பரேச்சரோட யூனிட் என்னங்கிற ரேஞ்சுல. 22வது கேள்வில நெட் கட் ஆயிடுச்சு, திரும்ப உள்ள போக முடியல. ஃபோன் பண்ணி சொன்னேன், "பாத்துக்கலாம் தம்பி"ன்னாரு, மறுநாள் ரிசல்ட் வந்துச்சு, நாலுக்கு 3.7. பாதி பேப்பர் எழுதினவனுக்கு 3.7! இதுக்கும் ட்ரான்ஸ்கிரிப்டுக்கும் (மார்க் லிஸ்ட்) சேத்து 3,800.

இதுக்கு அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். "சர்ட்டிஃபிகேட்ல எந்த வருஷம் போடணும் தம்பி?"ன்னாரு. பழைய வருஷம் போட்டா இன்ஜினியரா அனுபவம் கூட காட்டலாமாம். இந்த இடத்துல எனக்கு புரிஞ்சிடுச்சு, புரியலன்னு பொய் சொல்ல விரும்பல. ஆனா பத்தாயிரம் திராமுக்கு மேல உள்ள போயாச்சு, வீட்ல டிகிரி வாங்கப் போறேன்னு சொல்லியாச்சு. 2014னு சொன்னேன். அதுக்கு 4,000. அப்புறம் சர்ட்டிஃபிகேட்ல கவர்மென்ட் முத்திரை வாங்குற அட்டெஸ்டேஷனுக்கு 7,000. மொத்தம் 21,300, நம்ம காசுல நாலரை லட்சத்துக்கு மேல.

அட்டெஸ்டேஷன் விஷயத்த கொஞ்சம் நின்னு சொல்லிடறேன், நிறைய பேரு ஏமாறுறது இங்கதான். எனக்கு வந்த சர்ட்டிஃபிகேட் பின்னாடி அமெரிக்க நோட்டரி, ஸ்டேட் சீல், வாஷிங்டன் சீல்னு வரிசையா இருந்துச்சு, சிவப்பு ரிப்பன் வேற. இவ்ளோ கவர்மென்ட் முத்திரை இருக்கே, போலியா எப்படி இருக்கும்னு யாருக்கும் தோணும். அந்த முத்திரைங்க சொல்றது என்னன்னா, இதுக்கு முன்னாடி போட்ட கையெழுத்தும் சீலும் நெசம்னு, அவ்ளோதான். நோட்டரி முன்னாடி ஒருத்தன் போயி "இது உண்மை நகல்"னு சத்தியம் பண்ணி கையெழுத்து போட்டா நோட்டரி அந்த கையெழுத்துக்கு சாட்சி, அந்த நோட்டரிக்கு ஸ்டேட் சாட்சி, ஸ்டேட்டுக்கு வாஷிங்டன் சாட்சி. அந்த யுனிவர்சிட்டி இருக்கா, அங்க எவனாச்சும் படிச்சானான்னு இந்த சங்கிலில ஒருத்தரும் பாக்கிறதில்ல.

எங்க கம்பெனி ஹெச்ஆர்ல ஒரு மலையாளி சேச்சி. நான் ஃபைலை குடுத்தப்ப ரெண்டு தடவை யுனிவர்சிட்டி பேர படிச்சாங்க, ஒண்ணும் சொல்லாம கம்ப்யூட்டர்ல தட்டினாங்க. அமெரிக்க கல்வித்துறையே அங்கீகாரம் உள்ள காலேஜ் எல்லாத்துக்கும் ஒரு டேட்டாபேஸ் வச்சிருக்கு, காசு கிடையாது, யாரு வேணா தேடலாம். கவுன்சில் ஃபார் ஹையர் எஜுகேஷன் அக்ரெடிடேஷன்னு இன்னொரு அமைப்பும் அதே மாதிரி லிஸ்ட் வச்சிருக்கு. ரெண்டுலயும் இல்ல. சர்ட்டிஃபிகேட்ல அங்கீகாரம் குடுத்ததா ஒரு அக்ரெடிடேஷன் கவுன்சில் பேரு இருந்துச்சே, அதோட வெப்சைட்டையும் திறந்தாங்க, யுனிவர்சிட்டி வெப்சைட்டும் அதுவும் ஒரே டிசைன், ஒரே ஃபோட்டோ, அதே கண்ணாடி போட்ட பொண்ணு சிரிச்சிட்டு நிக்குது. மொத்தம் அஞ்சு நிமிஷம்கூட ஆகல. நான் 21,300 கட்டுறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு நிமிஷத்த செலவு பண்ணல.

சேச்சி கதவ சாத்திட்டு மெதுவா சொன்னாங்க, "இத நான் மினிஸ்ட்ரிக்கு அனுப்பினா உங்களுக்கு கேஸ், ஜெயில், அப்புறம் டிபோர்ட். நான் பாக்கல, நீங்களும் குடுக்கல. எடுத்துட்டு போங்க." அவங்க நெனச்சிருந்தா என் பொழப்பு அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஃபைல் எடுத்துட்டு வெளிய வந்தப்ப கை நடுங்கிச்சு, லிஃப்ட்ல தப்பு ஃப்ளோர் அமுக்கிட்டு பார்க்கிங்ல போயி நின்னேன்.

காசு திரும்ப கேட்டேன். முதல்ல "பேசிட்டு சொல்றேன் தம்பி", அப்புறம் ப்ளூ டிக் மட்டும், அப்புறம் அதுவும் இல்ல. ரெண்டு மாசம் கழிச்சி ஒரு புது நம்பர்லேர்ந்து கால், லீகல் டிபார்ட்மென்ட்டாம், நீங்க போலி சர்ட்டிஃபிகேட் வச்சிருக்கீங்கன்னு எங்களுக்கு தகவல், செட்டில் பண்ண 5,000 கட்டணும்னான். வித்தவனே மிரட்டுறான்! நல்லவேளை கட்டல, நம்பரை ப்ளாக் பண்ணிட்டு ஒரு வாரம் தூங்கல. இது எனக்கு மட்டும் நடந்ததுன்னு நெனச்சிட்டிருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சது, 2015லயே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை கராச்சில இருந்து நடந்த பெரிய போலி யுனிவர்சிட்டி வியாபாரத்த பத்தி எழுதியிருக்கு, அதுலயும் கல்ஃப்ல இருக்கிறவங்க நிறைய பேரு மாட்டியிருக்காங்க, அதுலயும் இதே மாதிரி ஆபீசர்னு சொல்லி திரும்ப திரும்ப காசு கறக்கிற ஃபோன் கால். என்கிட்ட வந்தவன் அந்த கும்பலான்னு நான் சொல்ல வரல, பாடம் ஒண்ணுதான்.

போலீஸுக்கு ஏன் போகலன்னு கேப்பீங்க. 2014னு போட சொன்னது என் வாய்தானே. இவனுங்க அந்த கேள்விய கேக்கிறதே அதுக்குத்தான், நம்மளையும் கூட்டு சேத்துடுறாங்க. வருஷத்த மாத்தாம, பேங்க் கார்டுல கட்டி ஏமாந்தவங்க பயப்படாம கம்ப்ளைன்ட் குடுங்க, கார்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க, ஊருல இருந்து கட்டினவங்க சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் பண்ணுங்க, சீக்கிரம் பண்ணணும்.

இதுல கொடுமை என்னன்னா, அனுபவத்துக்கு கிரெடிட் குடுக்கிறதுங்கிறது நெசமாவே இருக்கிற விஷயம். அமெரிக்கால கிளெப்னு ஒரு பரீட்சை, காலேஜ் போர்டு நடத்துது, 34 பாடம் இருக்கு, பாஸ் பண்ணினா நிறைய காலேஜ்ல அந்த பாடத்துக்கு கிரெடிட். மிலிட்டரில எடுத்த ட்ரெய்னிங்குக்கு அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் இவ்ளோ கிரெடிட் குடுக்கலாம்னு சிபாரிசு பண்ணும், ஏத்துக்கிறது காலேஜோட இஷ்டம். நியூஜெர்சில தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி மாதிரி வேலை பாக்கிறவங்களுக்குன்னே இருக்கிற இடத்துல போர்ட்ஃபோலியோவும் உண்டு, ஆனா அங்க ஒவ்வொரு பாடமா எடுத்து, அந்த பாடத்துல ஒரு ஸ்டூடன்ட் என்ன கத்துக்கணுமோ அது உனக்கு தெரியுமான்னு அந்த துறை வாத்தியார் உக்காந்து படிச்சி பாப்பாரு, தெரியலன்னா இல்லம்பாரு. மொத்த வாழ்க்கைக்கும் சேத்து ஒரு லெட்டர்ல 90 கிரெடிட்னு அங்க யாரும் தரமாட்டாங்க. என் பதினோரு பக்கத்துல அந்த வால்வு கதைய படிச்சிட்டு ஒருத்தனாச்சும் "அத எப்படி கண்டுபிடிச்ச"ன்னு கேட்டிருக்கணும்ல? ஒரு கேள்வி வரல. எனக்கு இதுதான் இப்ப அளவுகோல்.

நம்ம நாட்லயும் 2023ல நேஷனல் கிரெடிட் ஃப்ரேம்வொர்க்னு வந்திருக்கு, அனுபவத்துக்கும் கிரெடிட் உண்டுன்னு அதுல இருக்கு, ஆனா மதிப்பீடு பண்ணித்தான். ஏஜென்ட்டுங்க இப்ப அந்த பேரையும் சொல்லிட்டு திரியறானுங்க, ஜாக்கிரதை. அப்புறம் இன்ஜினியரிங் ஆளுங்க ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க, இந்தியால தபால்ல இன்ஜினியரிங் டிகிரி செல்லாது, 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லி நாலு நிகர்நிலை பல்கலைக்கழகங்க அப்படி குடுத்த டிகிரிங்கள கேள்விக்குள்ளாக்கிடுச்சு. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்துற ஏஎம்ஐஇ பரீட்சையும் 2013 மே 31க்குள்ள பதிஞ்சவங்களுக்குத்தான் டிகிரிக்கு சமம். டிப்ளமோகாரங்களுக்கு நேர் வழின்னா பிஇ ரெண்டாவது வருஷத்துல லேட்டரல் என்ட்ரி, இல்லாட்டி வேலை பாக்கிறவங்களுக்கு ஏஐசிடிஇ (இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி குடுக்கிற அமைப்பு) 2023லேர்ந்து அனுமதிச்சிருக்கிற சாயங்கால பேட்ச். அதுக்கு காலேஜ்லேர்ந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ள வேலை பாக்கணும். நான் ஷார்ஜால இருக்கேன், எனக்கு அந்த தூரத்துல கடல்தான் இருக்கு.

மாஸ்டர் என்கிட்ட ஒரு வார்த்த கோவிச்சிக்கல. அவர் கட்டினது 9,000, அதுல பாதிய நான் மாசா மாசம் குடுத்துட்டிருக்கேன், இன்னும் மூணு மாசம் பாக்கி. அவரோட டிகிரிய கிழிக்காம பெட்டி மேல ஒட்டி வச்சிருக்காரு, யாராச்சும் பிரியாணில உப்பு கூடன்னு சொன்னா "நான் டக்டிங் இன்ஜினியர்டா"ம்பாரு.

அந்த ஆபீஸ் இப்ப அங்க இல்ல. ஆனா என் மச்சான் முந்தாநாள் ஊருலேர்ந்து ஒரு விளம்பரம் ஃபார்வர்டு பண்ணியிருக்கான், வேற பேரு, வேற நம்பர், "மாமா இது உங்களுக்கு கரெக்டா இருக்கும்"னு. திறந்து பாத்தேன். அதே கண்ணாடி போட்ட பொண்ணு.