மேசை போனும் பிரிண்டரும்: நெட்வொர்க்கில் தானாகச் சேர மூன்று வழிகள்

லேப்டாப்பை நெட்வொர்க்கில் சேர்க்கும்போது முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார், கடவுச்சொல் கேட்டால் தட்டிவிடுவார். மேசை போனுக்கும் பிரிண்டருக்கும் அப்படி யாரும் இல்லை. கேபிளைச் செருகியதும் தான் யார் என்பதை அவையேதான் சொல்லியாக வேண்டும். அதற்கு மேக் முகவரிப் பட்டியல் (மேக் முகவரி என்பது சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்), நடத்தையை வைத்து இனம் காண்பது, சான்றிதழ் (டிஜிட்டல் அடையாள அட்டை) என்று மூன்று வழிகள் உண்டு. மூன்றில் ஒன்றை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துவிடத்தான் முதலில் தோன்றும். போனுக்கு ஒன்று, பிரிண்டருக்கு வேறொன்று என்பதே என் முடிவு.

மேக் முகவரிப் பட்டியல்தான் சுலபமானது. சாதனத்தின் 48 பிட் முகவரியையே, கேபிள் வந்து சேரும் சுவிட்ச், பயனர் பெயராகவும் கடவுச்சொல்லாகவும் ரேடியஸ் சர்வருக்கு (யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் சர்வர்) அனுப்பும். பட்டியலில் இருந்தால் கதவு திறக்கும். சாதனத்தில் எதையும் அமைக்க வேண்டாம். ஆனால் இந்த முகவரி ரகசியமே இல்லை. போனின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. பிரிண்டரோ அமைப்புப் பக்கத்தை அச்சிடச் சொன்னால் அதில் தானே எழுதிக் கொடுத்துவிடும். அதைத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ள யாருக்கும் ஒரு நிமிடம் போதும்.

இதில் நேரச் சிக்கலும் உண்டு. சுவிட்ச் முதலில் 802.1எக்ஸ் (சாதனத்தின் அடையாளத்தைச் சரிபார்த்து உள்ளே விடும் தரநிலை) முறையில் "யார் நீ?" என்று கேட்டுப் பார்க்கும், பதில் வராத பிறகுதான் மேக் முகவரிக்கு வரும். சிஸ்கோ சுவிட்சுகளின் இயல்பு அமைப்பில் 30 வினாடி இடைவெளியில் மூன்று முறை கேட்கும், அதாவது 90 வினாடி. அதற்குள் பிரிண்டர் டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் முறை) வழியாக முகவரி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், 169.254 என்று தொடங்கும், வேலைக்கு உதவாத முகவரியைத் தானே எடுத்துக்கொண்டுவிடலாம். பிரிண்டர் பழுது என்று அதைக் கழற்றி எடுத்துப் போவார்கள். பாவம், அதன்மேல் ஒரு தவறும் இல்லை. பிரிண்டரைச் செருகிய சுவிட்ச் போர்ட்டில் காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள், அல்லது மேக் சோதனையை முதலில் வையுங்கள்.

நடத்தையை வைத்து இனம் காண்பதைத் தனி வழியாக நான் நம்புவதில்லை. முகவரியின் முதல் 24 பிட் தயாரிப்பாளரைக் காட்டும். டிஎச்சிபி கோரிக்கையும் எல்எல்டிபி அறிவிப்பும் (சாதனம் பக்கத்துச் சாதனத்துக்குத் தன்னை அறிமுகம் செய்யும் செய்தி) சாதன வகையைச் சொல்லும். எல்லாமே சாதனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதுதான். ஆனால் காவலுக்கு நல்லது. நேற்று வரை பிரிண்டராக இருந்த முகவரி இன்று டிஎச்சிபியில் 'எம்எஸ்எஃப்டி 5.0' என்று விண்டோஸ் போலப் பேசினால், அந்த போர்ட்டை உடனே மூடச் சொல்லலாம்.

சான்றிதழ் மட்டுமே உண்மையான அடையாளம். 802.1எக்ஸ் 2001-லேயே தரநிலையாக வந்துவிட்டது. அதன்மேல் ஈஏபி-டிஎல்எஸ் (சான்றிதழைக் காட்டி நிரூபிக்கும் முறை) ஓடும்போது, தனிச்சாவி, அதாவது சான்றிதழுக்கு உரிய ரகசிய எண், சாதனத்தை விட்டு வெளியே போவதே இல்லை. போன்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். எல்லாப் போன்களும் எப்படியும் அழைப்புகளை இணைக்கும் ஒரு சர்வரின் கீழ்தான் இருக்கின்றன. பல தயாரிப்புகளில் அந்த சர்வர் வழியாகவே எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகச் சான்றிதழ் கொடுக்கலாம். சில போன்களில் தயாரிப்பாளரின் சான்றிதழ் முன்பே இருக்கும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது அந்த நிறுவனத்தின் போன் என்றுதான் சொல்லுமே தவிர, உங்கள் போன் என்று சொல்லாது. கடையில் வாங்கிய யாரிடமும் அதே நிறுவனம் கொடுத்த சான்றிதழ் இருக்கும்.

கணினியின் கேபிளை போனில் செருகி, போன் வழியாகச் சுவிட்சோடு இணைக்கும் இடத்தில் இன்னொரு கவனம் வேண்டும். கணினியைக் கழற்றினாலும் சுவிட்சுக்கு அது தெரியாது, போனின் இணைப்பு அப்படியே இருக்கிறதல்லவா? கணினி சார்பில் வெளியேறும் செய்தியை அனுப்பத் தெரிந்த போனா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் அடுத்துச் செருகுபவரின் கணினி விதிமீறலாகத் தெரிந்து, போர்ட்டே அடைபடலாம்.

பிரிண்டருக்கும் சான்றிதழ் கொடுக்கலாம், பல மாடல்கள் ஏற்கும். கொடுத்த பிறகுதான் சிரமம். மாடலுக்கு ஒரு அமைப்புப் பக்கம், ஒவ்வொன்றிலும் கையால் ஏற்ற வேண்டும். பழுது பார்க்க வந்தவர் ஃபேக்டரி ரீசெட் செய்தால் சான்றிதழ் போச்சு. ஒரே நாளில் ஏற்றியவை ஒரே நாளில் காலாவதியாகும். கடிகாரம் பின்தங்கிய பிரிண்டர், சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று மறுக்கும். நேரத்தைச் சரிசெய்ய நெட்வொர்க் வேண்டும், நெட்வொர்க்குக்குச் சரியான நேரம் வேண்டும்.

அதனால் பல தயாரிப்புகள் கலந்து கிடக்கும் இடத்தில் பிரிண்டருக்கு மேக் பட்டியலே போதும் என்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பிரிண்டர்களுக்குத் தனி வீலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) வையுங்கள். அச்சு சர்வரிலிருந்து 9100, 631 போர்ட்டுகளுக்கு (இவை செருகுமிடமல்ல, அச்சு வேலை வந்து சேரும் இணைப்பு எண்கள்) மட்டும் வழி விடுங்கள். பிரிண்டர் தானாகத் தொடங்கும் இணைப்புகளில் டிஎச்சிபி, டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் சேவை), ஸ்கேன் அனுப்பும் அஞ்சல் சர்வர் தவிர மற்றதையெல்லாம் தடுங்கள். அப்போது முகவரியைத் திருடியவருக்கும் ஒரு பிரிண்டருக்கு உள்ள உரிமைதான் கிடைக்கும்.

அப்புறம், பிரிண்டர் போர்ட்டில் செயலற்ற நேர வரம்பை எடுத்துவிடுங்கள். தூங்கும் பிரிண்டர் எதையும் அனுப்பாது. சுவிட்ச் அதன் அனுமதியை நீக்கிவிட்டால் அச்சு வேலை அதன் வாசலிலேயே நின்றுவிடும். சான்றிதழ் ஏற்காத பழைய போன்களையும் மேக் பட்டியலிலேயே விடலாம், போன்களுக்கான குரல் வீலானைத் தாண்டாமல்.