குளியலறைத் தரைக்கடியில் சூடு: பாயா, தனிக் கேபிளா, வெந்நீர்க் குழாயா?

இங்கிலாந்தில் பழைய வீட்டை வாங்கிக் குளியலறையைப் பிரித்துக் கட்டுகிறவர்கள், தரைக்கு அடியில் சூடேற்றும் ஏற்பாடு வேண்டுமா என்பதை டைல்ஸ் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டியபின் அந்த முடிவை மாற்றுவதென்றால் தரையை உடைக்க வேண்டியதுதான். கடைகளில் கிடைப்பவை நான்கு வகை: கண்ணாடியிழை வலையில் கேபிள் பதித்துச் சுருளாக வரும் பாய், உருளையில் சுற்றித் தனியாக வரும் கேபிள், லாமினேட் பலகைக்கு அடியில் விரிக்கும் கேபிள் பதித்த அலுமினியத் தாள், வெந்நீர் ஓடும் பிளாஸ்டிக் குழாய். தம் கையால் வேலை செய்கிறவருக்கு ஏற்றது என்று பெரும்பாலும் பாயைத்தான் பரிந்துரைக்கிறார்கள். சிறிய குளியலறைக்குத் தனிக் கேபிளே மேல் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் விலையன்று, தரையின் வடிவம்.

பாய் வழக்கமாக அரை மீட்டர் அகலத்தில் வருகிறது. கேபிள் மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் தடிமனே இருப்பதால் டைல்ஸ் ஒட்டும் கலவைக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு சதுர மீட்டருக்கு 100, 150, 200 வாட் என மூன்று அளவுகள் கிடைக்கின்றன. குளியலறைக்குப் பொதுவாக 150 போதும், குளிர்ந்த கண்ணாடிக் கூடத்துக்கு 200 வேண்டியிருக்கலாம். கேபிள்களுக்கு இடையிலுள்ள தூரம் தொழிற்சாலையிலேயே சீராக அமைந்துவிடுவதால், செவ்வக அறையில் இதைவிட வேகமான வழி கிடையாது. சுவரோரம் வந்ததும் கேபிளைத் தொடாமல் வலையை மட்டும் வெட்டிப் பாயைத் திருப்பி, வந்த பக்கமே விரித்துக்கொண்டு போகலாம்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், இங்குள்ள குளியலறைகளில் கேபிள் இட மிஞ்சும் தரை செவ்வகமாக இருப்பதில்லை. 2 மீட்டருக்கு 2.2 மீட்டர் என்று ஓர் அறையை வைத்துக்கொள்வோம். மொத்தம் 4.4 சதுர மீட்டர். அதில் குளியல் தொட்டி ஏறக்குறைய 1.2 சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளும். கழிப்பறைப் பீடம், கைகழுவும் தொட்டியின் தூண், கழிவுக்குழாய் செல்லும் மூலை ஆகியவற்றையும் விட்டால் மிஞ்சுவது இரண்டரை சதுர மீட்டர்தான். நிலையாகப் பொருத்தியவற்றின் அடியில் கேபிளை இடக்கூடாது. சூடு வெளியேற வழியின்றித் தேங்கும், திருகு துளைக்கும் அபாயமும் உண்டு. மிஞ்சிய அந்தத் தரை ஒரே துண்டாக இல்லாமல் வளைந்து நெளிந்து கிடக்க, அதில் அரை மீட்டர் அகலப் பாயைப் பொருத்துவதற்குப் பல இடங்களில் வலையிலிருந்து கேபிளைப் பிரித்து எடுத்துக் கையால்தான் வளைத்து ஒட்ட வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்யும்போது பாய்க்குக் கொடுத்த கூடுதல் விலைக்குப் பொருளே இல்லாமல் போகிறது. வாங்கிய பாய் அரை சதுர மீட்டர் கூடுதலாக இருந்துவிட்டாலோ, அதை வெட்டிக் குறைக்கவும் முடியாது. வெட்டினால் மின்தடை மாறும், கேபிளும் பாழாகும்.

தனிக் கேபிளையும் வெட்டக்கூடாதுதான். ஆனால் வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பது நம் கையில் இருக்கிறது. மீட்டருக்கு 10 வாட் தரும் 37.5 மீட்டர்க் கேபிளை 2.5 சதுர மீட்டரில் பரப்பினால், பரப்பை நீளத்தால் வகுக்க, இடைவெளி 6.7 சென்டிமீட்டர் என்று வருகிறது. சூடு சதுர மீட்டருக்கு 150 வாட். அளந்ததில் பிழை நேர்ந்து தரை உண்மையில் 2.2 சதுர மீட்டர்தான் என்று தெரியவந்தாலும், இடைவெளியை ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தால் சரியாகிவிடும். தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச இடைவெளிக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. அது பெரும்பாலும் 5 சென்டிமீட்டர். கேபிள் எந்த இடத்திலும் தன்னையே குறுக்கிடவோ தொடவோ கூடாது. இதற்கு ஈடாக நாம் கொடுப்பது நேரம்: பாயை விரிக்க ஒரு மணி நேரம் ஆகுமென்றால், கேபிளைக் கோடு போட்டு, நாடா ஒட்டி, வரிசை வரிசையாக இழுத்து முடிக்க அரை நாளாவது ஆகும். முழங்காலுக்குத் திண்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பாயோ கேபிளோ, அடியில் காப்புப் பலகை இல்லையென்றால் இரண்டும் வீண். சிமெண்டுப் பூச்சுள்ள நுரைப் பலகை 6 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று கிடைக்கிறது. வெறும் கான்கிரீட்டின் மேல் கேபிளை ஒட்டினால், நாம் கட்டணம் செலுத்தும் சூட்டில் பெரும்பகுதி கீழேயுள்ள கான்கிரீட்டைச் சூடாக்கவே போய்விடும். காலுக்கு எட்ட மணிக்கணக்கில் ஆகும். எதை இடுவது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது இந்தப் பலகைக்குக் கொடுக்கலாம். கதவுக்குக் கீழே அதற்கான உயரம் இருக்கிறதா என்பதையும் அப்போதே அளந்துவிட வேண்டும்.

அடுத்தது சோதனை. சூடாகும் கேபிளும் சூடாகாத இணைப்பு வயரும் சேரும் தொழிற்சாலை முடிச்சு மற்ற பகுதியைவிடத் தடிமனானது. அது சுவருக்குள் ஏறாமல் தரையின் கலவைக்குள்ளேயே புதைய வேண்டும் என்பதால் பலகையில் சிறு பள்ளம் வெட்ட நேரும். வெப்ப உணரியை இரண்டு கேபிள் வரிசைகளுக்கு நடுவே ஒரு குழாய்க்குள் விட வேண்டும்; பின்னாளில் அது பழுதானால் உருவிப் புதியதை நுழைக்கலாம். கேபிளின் மின்தடையைப் பெட்டியைப் பிரித்ததும் ஒருமுறை, விரித்ததும் ஒருமுறை, டைல்ஸ் ஒட்டியபின் ஒருமுறை அளந்து எழுதிவைக்க வேண்டும். 230 வோல்ட்டில் 375 வாட் என்றால் ஏறத்தாழ 141 ஓம் வர வேண்டும். இதற்கு மல்டிமீட்டர் போதும். ஆனால் கேபிளின் உள்கம்பிக்கும் எர்த் பின்னலுக்கும் இடையில் கசிவு உள்ளதா என்பதை அதனால் நம்பகமாகக் காட்ட முடியாது. அதற்கு நம்மூர் எலெக்ட்ரீஷியன்கள் மெகர் என்று அழைக்கும் கருவி வேண்டும். கலவை பூசும் கரண்டியின் விளிம்பு பட்டுக் கேபிளின் உள்காப்பு கிழிந்ததை மல்டிமீட்டர் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும், மெகர் பெரும்பாலும் விடாது. டைல்ஸ் கலவை சீக்கிரம் காயட்டும் என்று சூட்டைப் போட்டுவிடவும் கூடாது. கலவையின் தயாரிப்பாளர் குறிப்பிடும் நாட்கள் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

வயரிங்கில் பாய்க்கும் தனிக் கேபிளுக்கும் வேறுபாடு கிடையாது. சிறிய குளியலறையின் 375 வாட் இரண்டு ஆம்பியரைக்கூட எட்டாததால், 3 ஆம்பியர் ஃபியூஸ் கொண்ட இணைப்புப் பெட்டி வழியாக மின்சாரம் எடுத்து, அறைக்கு வெளியே சுவரில் வைத்த தெர்மோஸ்டாட்டுக்குக் கொண்டுபோகலாம். மின்கசிவு நேர்ந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி (RCD) பாதுகாப்பு, 30 மில்லிஆம்பியர் அளவில், கட்டாயம். கேபிளின் உலோகப் பின்னல் எர்த்தோடு சேர வேண்டும். பழைய வீட்டின் ஃபியூஸ் போர்டில் ஆர்சிடியே இல்லாமல் இருக்கலாம் என்பதால் அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும். இங்கிலாந்தில் 2005 முதல் நடைமுறையில் உள்ள கட்டட விதிகளின் ‘பி’ (P) பகுதிப்படி, புதிய சர்க்யூட் போடுவதும், தொட்டிக்கும் ஷவருக்கும் அருகிலுள்ள பகுதியில் இருக்கும் சர்க்யூட்டை நீட்டுவதும் அறிவிக்க வேண்டிய வேலைகள். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்தால் அவரே சான்றளிப்பார். நாமே செய்வதென்றால் தொடங்கும் முன் உள்ளாட்சியின் கட்டடப் பிரிவுக்குத் தெரிவித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். கேபிளை விரிப்பது வரை நம் வேலை, இணைப்பதும் சோதித்துச் சான்று தருவதும் எலெக்ட்ரீஷியன் வேலை என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அவரை முன்கூட்டியே அழைத்துப் பேசிவைத்தால், டைல்ஸ் மூடும் முன் ஒருமுறை வந்து மெகர் போட்டும் பார்ப்பார். வேறொருவர் புதைத்த கேபிளுக்குச் சான்று தரப் பலரும் தயங்குவார்கள்.

அலுமினியத் தாள் குளியலறைக்கு உரியதன்று. படுக்கையறையில் லாமினேட் பலகை போடுகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு. கலவை எதுவும் வேண்டாம், பழுதானால் பலகையைக் கழற்றிப் பார்க்கலாம். பலகையின் மேற்பரப்பு 27 பாகை செல்சியஸைத் தாண்டாதபடி தெர்மோஸ்டாட்டில் வரம்பு வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வெந்நீர்க் குழாயோ இவற்றோடு ஒரே தராசில் நிற்பதன்று. 16 மில்லிமீட்டர்க் குழாயை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இட்டால் சதுர மீட்டருக்கு 5 மீட்டர் செலவாகும். ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால் 20 சதுர மீட்டருக்கு ஒரு சுற்று. தரைக்குள் இணைப்பு எதுவும் வராமல் ஒரே குழாயாகப் போட்டு, அழுத்தச் சோதனை செய்து, அழுத்தத்தில் இருக்கும்போதே மேலே மணல்-சிமெண்டுச் சாந்து நிரப்ப வேண்டும். 65 மில்லிமீட்டர்ச் சாந்தில் முதல் 50 மில்லிமீட்டர் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கிலும், எஞ்சியது இன்னும் மெதுவாகவும் காயும். ஆக இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்காமல் டைல்ஸைத் தொடவே முடியாது. வயரிங் குறைவு என்று நினைப்பதும் தவறு: அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வால்வு இயக்கி, பம்ப், பாய்லரை எழுப்பும் இணைப்பு எல்லாம் ஒரு மையப் பெட்டியில் வந்து சேரும். எரிவாயுப் பாய்லரின் எரிவாயுப் பகுதியில், எரிவாயு வேலை செய்கிறவர்களுக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பதிவு பெற்றவர் தவிர யாரும் கைவைக்கக்கூடாது.

அப்படியும் தரைத்தளம் முழுவதையும் தோண்டிப் போட்டிருக்கிறவர்கள் குழாயைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. இங்கே மின்சாரம் யூனிட்டுக்கு எரிவாயுவைப்போலப் பல மடங்கு விலை. நாள் முழுவதும் வீட்டைச் சூடாக வைத்திருக்கக் கேபிளை நம்பினால் பில் தாங்காது. குழாயில் 35 முதல் 45 பாகை நீர் ஓடினாலே போதும் என்பதால், பின்னாளில் வெளியிலுள்ள சூட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்பப் பம்ப் பொருத்துவதற்கும் அது தோதானது. குளியலறைக் கணக்கே வேறு: 375 வாட் கேபிள் காலையிலும் மாலையிலுமாக மூன்று மணி நேரம் முழு வீச்சில் ஓடினாலும் ஒரு யூனிட்டைச் சற்றே தாண்டும். அந்தச் சிறு செலவைத் தவிர்ப்பதற்காகப் பாய்லரிலிருந்து மேல்மாடிக் குளியலறை வரை குழாய் இழுக்கிறவர், போட்ட பணத்தை அந்த வீட்டில் இருக்கும் காலத்துக்குள் திரும்ப எடுப்பது கடினம்.

பெரிய, ஒழுங்கான, தொட்டியே இல்லாத ஷவர் அறையாக இருந்தால் பாயை வாங்கலாம். தொட்டியும் மூலைகளும் நெருக்கும் பழைய அறைக்குத் தனிக் கேபிள். எதை வாங்கினாலும் விரித்ததும், டைல்ஸ் கலவை மூடும் முன், பக்கத்தில் ஓர் அளவுநாடாவை வைத்துத் தரை முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவுத் தடுப்புக்குத் துளையிடப் போகிறவருக்குக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று காட்ட அந்தப் படத்தைவிட எளிய வழி கிடையாது.